செட்டிநாட்டில் தொடர்பு விட்டுப்போனவரைத் தேடுவது எப்படி? ஏழு மாதம் அலைந்து தெரிந்துகொண்டவை

என் தாத்தா, அம்மாவைப் பெற்றவர், பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அந்த வீட்டுப் பெண்ணும் என் அம்மாவும் ஒரே வயது, ஒரே வகுப்பு. 1968-ல் அந்த ஆச்சிக்கு (செட்டியார் வீட்டுப் பெண்களை ஆச்சி என்றுதான் சொல்வோம்) கல்யாணம் ஆனது. பிறகு கணவரோடு மலேசியா போனார். கடைசிக் கடிதம் 1983-ல் வந்தது. நாங்கள் திருச்சிக்கு வீடு மாறினோம், அதோடு தொடர்பு விட்டுப்போனது. போன வருடம் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று அம்மா சொன்னார்: "கண்ணு தெரியும்போதே அவளை ஒரு தடவை பார்த்துரணும்ப்பா."

தேடிக் கண்டுபிடிக்க ஏழு மாதம் ஆனது. வழி தெரிந்திருந்தால் இரண்டு மாதத்துக்குள் முடிந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக, நான் போயிருக்க வேண்டிய வரிசையில் இதை எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, திருமயம், பொன்னமராவதி பக்கத்து ஊர்களில் ஆளைத் தேடுபவர்களுக்கு இது நேரடியாக உதவும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செட்டிநாட்டில் ஒரு ஆளைப் பெயரை வைத்துத் தேடினால் நாள்தான் போகும். வீட்டை வைத்துத் தேடினால் ஆள் கிடைத்துவிடுவார்.

1. வீட்டில் இருக்கும் காகிதங்களை எடுங்கள் (ஒரு வாரம், செலவு கிடையாது)

இணையத்தில் உட்காரும் முன் பரணில் ஏறுங்கள். நான் இதைக் கடைசியில் செய்தேன். அதனால்தான் மூன்று மாதம் வீணானது.

முதலில் தேட வேண்டியது மொய் நோட்டு. அந்தக் கால மொய் நோட்டில் ஊர்ப் பெயர் முதலில், ஆள் பெயர் அடுத்து, தொகை கடைசியில் இருக்கும். 1970-ல் நடந்த அம்மா கல்யாணத்து நோட்டில், ஆச்சியின் கணவர் 11 ரூபாய் மொய் எழுதியிருந்தார். பெயருக்கு முன்னால் "இராயவரம்" என்று இருந்தது. அதுவரை ஆச்சியின் புகுந்த ஊர் எது என்பதே எங்களுக்குத் தெரியாது. பள்ளத்தூரையே சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தோம்.

அடுத்து கல்யாணப் பத்திரிகைகள். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு இரண்டின் ஊரும் முன்னெழுத்துகளும் முழுசாக அதில் இருக்கும். அவருடைய பத்திரிகை இல்லாவிட்டாலும் அவர் அண்ணன் தம்பி, அக்கா தங்கை பத்திரிகை ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும்.

கடிதங்களில் உள்ளே எழுதியிருப்பதைவிட உறையின் மேல் இருப்பது அதிகம் உதவும். தபால் முத்திரையில் ஊரும் தேதியும் தெரியும். பின்கோடு 1972 ஆகஸ்டில் வந்தது. முத்திரை அழிந்துபோன உறையில் பின்கோடு இருந்தால் அது அதற்குப் பிந்தையது என்று வைத்துக்கொள்ளலாம். அனுப்பியவர் முகவரியில் "இராமநாதபுரம் ஜில்லா" என்று இருந்தால் குழம்ப வேண்டாம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் எல்லாம் 1985 வரை அந்த மாவட்டம்தான். இன்று சிவகங்கை மாவட்டம். அரசு இணையதளங்களில் மாவட்டம் தேர்ந்தெடுக்கும்போது இதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

பழைய டைரியில் போன் நம்பர் இருந்தால் அதையும் விடாதீர்கள். ஐந்து இலக்க எண் என்றால் முன்னால் 2 சேர்த்து அடித்துப் பாருங்கள். காரைக்குடிக்கு 04565, தேவகோட்டைக்கு 04561, திருப்பத்தூருக்கு 04577. லேண்ட்லைன் எடுத்துவிட்ட வீடுகள்தான் அதிகம். ஆனாலும் ஒரு போன்தானே, அடித்துப் பார்க்கலாம்.

புகைப்படங்களின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, சில சமயம் பெயரே எழுதியிருக்கும்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கும்போது ஒரே நாளில் எல்லாம் கேட்காதீர்கள். அம்மாவிடம் "அவர் வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று நேராகக் கேட்டால் ஞாபகம் வரவில்லை. பழைய போட்டோவைக் கையில் கொடுத்து, "இந்தக் கல்யாணத்துக்கு யாரெல்லாம் வந்தாங்க?" என்று கேட்டபோது தானாக வந்தது. போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை முக்கியமில்லை என்று விட்ட ஒரு சொல் பிறகு தேவைப்படும்.

2. மூன்று கேள்விக்குப் பதில் தயார் செய்யுங்கள்

நீங்கள் தேடுபவர் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் என்றால், எங்கே போய் விசாரித்தாலும் இந்த மூன்றைத்தான் கேட்பார்கள்: "எந்த ஊரு? எந்தக் கோயிலு? என்ன விலாசம்?"

ஊர் என்பது பூர்வீக ஊர். ஆள் சென்னையில் பிறந்து வளர்ந்திருந்தாலும் ஊர் என்று கேட்டால் கானாடுகாத்தான் என்றோ கோட்டையூர் என்றோதான் சொல்வார். செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். இராயவரம், இராங்கியம், வலையபட்டி மாதிரி ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டம்.

கோயில் என்பது நகரக் கோயில். மொத்தம் ஒன்பது: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒவ்வொரு நகரத்தார் குடும்பமும் இதில் ஒன்றைச் சேர்ந்தது. கல்யாணம் ஆன தம்பதியை ஒரு புள்ளி என்று கணக்கு வைப்பார்கள். கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வரும். அதனால் யார் வீட்டில் யாருக்கு எப்போது கல்யாணம் ஆனது என்ற விவரம் கோயிலில் இருக்கும். இளையாற்றங்குடி, மாத்தூர் என்றால் உள்பிரிவும் உண்டு, தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

விலாசம் என்பதை முகவரி என்று நினைத்துவிடாதீர்கள், நான் நினைத்தேன். அது பெயருக்கு முன்னால் வரும் மூதாதையர் முன்னெழுத்துத் தொடர். மெ., லெ., அரு., அழ., சித., பெரி., வயி. என்று இரண்டு மூன்று சேர்ந்து வரும். ஒரு எழுத்து மாறினால் வேறு வீடு. அதனால் தமிழில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கில முன்னெழுத்தில் 'ஏ' என்று மட்டும் இருந்தால் அது அருணாசலமா, அழகப்பனா, அண்ணாமலையா என்று யாராலும் சொல்ல முடியாது.

விலாசத்தோடு வீட்டுப் பட்டப்பெயர் ஏதாவது இருந்தால் அதையும் கேட்டு வையுங்கள். ஊர்க்காரர்களுக்கு விலாசத்தைவிட அது சீக்கிரம் புரியும்.

இதில் மூன்று இடங்களில் தடுக்கி விழுவீர்கள்.

முதலாவது, ஒரே பெயர் பலருக்கு. மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்ற ஐயாவின் பெயர் வைப்பது வழக்கம். ஐந்து மகன் இருந்தால் ஐந்து வீட்டிலும் ஒரே பெயரில் பேரன் இருப்பார். பெயரும் ஊரும் பொருந்திவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். அப்பா பெயரும் வயதும் பொருந்துகிறதா பாருங்கள்.

இரண்டாவது, கல்யாணம் ஆன பெண்ணுக்கு ஊர், கோயில், விலாசம் மூன்றும் பெரும்பாலும் மாறிவிடும். ஆச்சியைத் தேடுகிறீர்கள் என்றால் உண்மையில் தேட வேண்டியது கணவர் வீட்டை. கூப்பிடும் பெயரும் வேறாக இருக்கும். வீட்டில் சாலா என்று கூப்பிடுபவர் பட்டியலில் விசாலாட்சி என்று இருப்பார்.

மூன்றாவதுதான் என்னை இரண்டு மாதம் அலையவிட்டது: பிள்ளை கூட்டுவது. ஆண் வாரிசு இல்லாத வீட்டுக்கு இன்னொரு வீட்டிலிருந்து பிள்ளை கூட்டிக்கொள்வார்கள், அதாவது சுவீகாரம். போனவருக்கு அப்பா பெயரும் விலாசமும் மாறிவிடும். மொய் நோட்டில் நான் கண்ட விலாசம் ஆச்சியின் கணவர் பிறந்த வீட்டுடையது. 1970-க்குப் பிறகு அவர் அதே ஊரில் இன்னொரு வீட்டுக்குப் பிள்ளை போயிருக்கிறார். பழைய விலாசத்தைச் சொல்லிக் கேட்டபோதெல்லாம் "அப்படி யாரும் இப்ப இல்லையே" என்ற பதில்தான் வந்தது. உங்களுக்கும் இதே பதில் வந்தால், "இந்த வீட்டிலிருந்து யாராவது பிள்ளை போயிருக்காங்களா?" என்று கேளுங்கள்.

நகரத்தார் அல்லாதவரைத் தேடினால் வழி வேறு. ஊர்க் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்கும் நோட்டு ஒன்று இருக்கும். திருப்பூருக்கோ துபாய்க்கோ போனவர்கள் பெயர்கூட அதில் இருக்கும், ஏனென்றால் எங்கே இருந்தாலும் வரியை அனுப்பிவிடுவார்கள். வரி வாங்குபவரிடம் போன் நம்பரும் இருக்கும். முஸ்லிம் குடும்பம் என்றால் ஜமாத் நிக்காஹ் பதிவேடு. கத்தோலிக்கக் குடும்பம் என்றால் ஞானஸ்நானம் பெற்ற கோயிலின் பதிவேடு. அந்தப் பதிவின் ஓரத்தில் பிறகு நடந்த திருமணத்தையும் குறிப்பது வழக்கம். எந்த ஊர்க் கோயிலில் திருமணம் என்று தெரிந்தால் அடுத்த ஊர் தெரிந்துவிடும்.

பள்ளித் தோழர் என்றால் பள்ளிக்கு எழுதலாம். சேர்க்கைப் பதிவேட்டை நிரந்தரமாக வைத்திருப்பார்கள். முகவரியைத் தர மாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். சேர்ந்த வருடம், வகுப்பு, அப்பா பெயர் எழுதி, "என் கடிதத்தை அவர் குடும்பத்துக்குச் சேர்க்க முடியுமா?" என்று தலைமையாசிரியருக்கு விண்ணப்பம் கொடுங்கள். பழைய மாணவர் சங்கம் இருக்கும் பள்ளி என்றால் வேலை சுலபம்.

3. வாக்காளர் பட்டியல் (இரண்டு வாரம், செலவு கிடையாது)

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் தேடல் தளத்தில் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வயது, மாவட்டம், தொகுதி கொடுத்துத் தேடலாம். கணவர் பெயர் தெரியாவிட்டால் இதில் நேரம் போக்காதீர்கள்.

இதைவிட எனக்கு உதவியது பழைய பட்டியல். 2025 இறுதியில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது, 2002, 2005 பட்டியல்களைத் தமிழ்நாட்டுத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் போட்டார்கள். இறந்தவர், இடம் மாறியவர் பெயர்கள் புதிய பட்டியலில் நீக்கப்பட்டிருக்கும். பழையதில் அவர்களும் இருப்பார்கள், தெருவாரியாக, கதவு எண்ணோடு. ஒரே கதவு எண்ணில் இருக்கும் எல்லாப் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆள் இல்லாவிட்டாலும் கொழுந்தனார், ஓரகத்தி யாராவது கிடைப்பார்கள்.

கவனிக்க வேண்டியவை: பட்டியலில் வயது நாலைந்து வருடம் முன்பின் இருக்கலாம். தொகுதி எல்லைகள் 2008-ல் மாறின, அதனால் பழைய பட்டியலில் ஊர் வேறு தொகுதியில் இருக்கக்கூடும். விசாலாட்சி, விசாலாக்ஷி, விசாலாட்சி ஆச்சி என்று எழுத்து எப்படி வேண்டுமானாலும் இருக்கும். பிடிஎப் கோப்புகளில் சொல்லைத் தட்டித் தேடினால் பெரும்பாலும் வராது, பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். கதவு எண்ணும் பழையது, புதியது என இரண்டு உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் பட்டியலில் இருக்க மாட்டார்.

நான் முதலில் சிவகங்கை மாவட்டத்தில் மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். இராயவரம் திருமயம் தொகுதி. மாவட்டம் தப்பு என்பதால் ஒரு மாதம் ஒன்றும் கிடைக்கவில்லை.

4. ஊருக்குப் போங்கள், ஆனால் சரியான நேரத்தில்

சென்னையிலிருந்து காரைக்குடிக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. இராமேஸ்வரம் போகும் ரயில்களிலும் வரலாம். திருச்சியிலிருந்து நான் பஸ்ஸில் போனேன். காரைக்குடியில் ஒரு ஆட்டோ பேசி வைத்துக்கொண்டால் ஒரே நாளில் பக்கத்து இரண்டு மூன்று ஊர்களைப் பார்த்துவிடலாம்.

பெரும்பாலான பெரிய வீடுகள் பூட்டியே இருக்கும். பூட்டைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். எல்லா வீட்டுக்கும் சாவி வைத்திருப்பவர், வாசல் கூட்டுபவர் என்று யாராவது இருப்பார்கள், எதிரிலோ பின் தெருவிலோ. உரிமையாளர்களின் போன் நம்பர் அவரிடம் கட்டாயம் இருக்கும். நம்பரைக் கேட்காதீர்கள். உங்கள் பெயர், ஊர், என்ன காரியம், உங்கள் நம்பர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "அவுகளுக்குச் சொல்லி, பேசச் சொல்றீங்களா?" என்று கேளுங்கள். நான் முதலில் நம்பரைக் கேட்டேன். வீடு வாங்க வந்த புரோக்கர் என்று நினைத்துவிட்டார். பழைய வீடுகளின் தூணுக்கும் கதவுக்கும் விலை பேச வருபவர்கள் நிறைய என்பதால் அந்தச் சந்தேகம் நியாயமானது. அம்மாவும் ஆச்சியும் சேர்ந்து நிற்கும் பழைய போட்டோவைக் காட்டியதும் முகம் மாறிவிட்டது. உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்து, அங்கேயே கோயம்புத்தூரில் இருக்கும் பங்காளி ஒருவருக்குப் போன் போட்டார். போட்டோவின் நாலைந்து பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு பிரதிக்கு ஆகும் இருபது முப்பது ரூபாய்க்கு இதைவிட நல்ல செலவு இந்தத் தேடலில் வேறு இல்லை.

அடுத்து ஊர் நகரச் சிவன் கோயில், அதாவது அந்த ஊர் நகரத்தாரின் சிவன் கோயில். அந்த வருடக் காரியக்காரர், அதாவது நிர்வாகம் பார்ப்பவர் யார் என்று கேட்டு அவரிடம் பேசுங்கள். ஊர்ப் புள்ளிகளின் விவரம் அவர்களிடம் இருக்கும். ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றின் அலுவலகத்துக்கும் போனேன். முகவரி தர முடியாது என்று மரியாதையாகச் சொன்னார்கள். ஆனால் விவரத்தைக் குறித்துக்கொண்டு, "நாங்க கேட்டுச் சொல்றோம்" என்றார்கள், சொன்னபடி ஒரு வாரத்தில் பேசினார்கள். இங்கேதான் "பிள்ளை போனவர்" என்ற விவரம் முதலில் தெரிந்தது.

எப்போது போவது என்பது முக்கியம். சித்திரை வெயிலில் ஒரு புதன்கிழமை போனேன், தெருவே காலி. வீடு திறக்கும் நாட்கள் தனி: தை மாதக் கல்யாணங்கள், ஆவணி முகூர்த்தங்கள், மார்கழியில் பிள்ளையார் நோன்பு, பங்காளிகள் கூடும் படைப்பு. கார்த்திகைத் தீபத்திலிருந்து இருபத்தொரு நாள் எண்ணினால் பிள்ளையார் நோன்பு வரும். படைப்புத் தேதியைப் பங்காளிகள் பேசி வைப்பார்கள், சாவி வைத்திருப்பவருக்குத் தெரிந்திருக்கும். தைப்பூசத்துக்கு முன் பழனிக் காவடிக்காரர்கள் குன்றக்குடியில் கூடுவார்கள். பல ஊர்க்காரர்களை ஒரே இடத்தில் பார்க்கலாம், ஆனால் யாத்திரைக்கு வந்தவர்களை நிறுத்தி வைத்து விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. நகரத்தார் அல்லாத குடும்பங்களுக்கு மாசி சிவராத்திரியில் குலதெய்வக் கோயில்.

எனக்குக் கைகொடுத்தது படைப்பு. முறைப்படி முன்பே கோவைப் பங்காளியிடம் அனுமதி கேட்டு, சாமி கும்பிட்டுச் சாப்பாடு முடிந்த பிறகு மாலையில் போனேன். எண்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெரியவர் போட்டோவைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவுக மலேயாவுலேருந்து வந்து ரொம்ப வருசமாச்சே தம்பி. வீட்டுக்காரவுக தவறிட்டாக. மதுரையில மூத்த மக வீட்டுல இருக்காக."

5. வீட்டுப் பத்திரம் வழியாக (ஒரு மாதம், சில நூறு ரூபாய்)

ஊரில் கேட்டும் துப்பு கிடைக்காதபோது இது. வீட்டின் சர்வே எண் தெரிந்தால் அரசின் இணையச் சேவைத் தளத்தில் பட்டாவை இலவசமாகப் பார்க்கலாம். சர்வே எண் தெரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பழைய வீடுகளுக்குப் பெரும்பாலும் கூட்டுப் பட்டா. பங்குதாரர் பெயர் எல்லாம் வரிசையாக இருக்கும். சில வீடுகளில் மூன்று தலைமுறைக்கு முந்தைய பெயரே மாறாமல் இருப்பதும் உண்டு.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். விற்பனை, பாகப்பிரிவினை ஏதாவது நடந்திருந்தால் பத்திர எண் கிடைக்கும். நமக்கு வேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரம். ஒவ்வொரு பங்குதாரரின் அப்பா பெயர், வயது, எழுதிய அன்று வசித்த முகவரி எல்லாம் அதில் இருக்கும். இந்த மாதிரி சொத்துப் பத்திரங்களின் நகலை யார் வேண்டுமானாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். உயில் நகல் அப்படிக் கிடைக்காது. எனக்கு நகல் வரப் பத்து நாள் ஆனது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேட்டுவிடலாம் என்று பலர் சொல்வார்கள். நானும் போட்டேன். முப்பது நாள் காத்திருந்ததுதான் மிச்சம். தனிநபர் விவரம் என்று பிரிவு 8(1)(ஒ)-ஐ, அதாவது ஆங்கில வரிசையில் 'ஜே' பிரிவைக் காட்டி மறுத்துவிட்டார்கள். ஒருவரின் வீட்டு முகவரியைக் கேட்க அது வழி ஆகாது.

6. வெளியூர், வெளிநாடு போனவர் என்றால்

சென்னை, கோவை, மதுரை, பெங்களூர் என்று நகரத்தார் அதிகம் வசிக்கும் ஊர்களில் நகரத்தார் சங்கங்கள் இருக்கின்றன. பல சங்கங்கள் உறுப்பினர் முகவரிப் புத்தகம் போடும். ஊரும் விலாசமும் சொன்னால் அதைப் பார்த்துச் சொல்வார்கள். சிங்கப்பூர் என்றால் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில், பினாங்கு என்றால் அங்குள்ள நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில். இரண்டும் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் நகரத்தார் நடத்தி வருபவை. நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கடிதம், போட்டோ பிரதியோடு அனுப்புங்கள். பதில் வர ஒரு மாதம் கொடுங்கள். பினாங்கிலிருந்து எனக்கு ஐந்து வாரத்தில் பதில் வந்தது, "குடும்பம் 1990-களிலேயே இந்தியா திரும்பிவிட்டது" என்று. அதன் பிறகு வெளிநாட்டில் தேடுவதை விட்டேன்.

7. பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்

ஒரு துப்பறியும் நிறுவனத்துக்கு 12,000 ரூபாய் முன்பணம் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து மூன்று முகவரி அனுப்பினார்கள். மூன்றும் அதே பெயருள்ள வேறு ஆட்கள், வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்தவை. ஒரு வீட்டில் அந்த அம்மா இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. நான் போன் செய்து அவர் பெயரைக் கேட்டதும் மகள் அழுதுவிட்டார். அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது. உறுதி செய்யாத நம்பருக்கு நேரடியாகப் போன் செய்யாதீர்கள்.

ஆதார் எண்ணை வைத்து முகவரி எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பணமும் கொடுக்காதீர்கள், பேச்சும் வளர்க்காதீர்கள். அப்படி எடுப்பது சட்டப்படி குற்றம். வயதானவரின் போட்டோ, முழுப்பெயர், ஊர் எல்லாவற்றையும் பேஸ்புக்கில் பொதுவில் போடவும் வேண்டாம். நான் போட்ட பதிவுக்கு வந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் ஆளைத் தெரியாது. இரண்டு பேர் பணம் கேட்டார்கள். ஊர்க்காரர்கள் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், ஊரும் விலாசமும் மட்டும் போட்டு விசாரிப்பது பரவாயில்லை.

எனக்கு உருப்படியாக ஆன செலவு மொத்தம் ஐயாயிரத்துக்குள். பஸ், ஆட்டோ, பத்திர நகல், போட்டோ பிரதி, தபால், அவ்வளவுதான்.

8. இடம் தெரிந்த பிறகு: முதலில் கடிதம்

முகவரி கிடைத்ததும் கதவைத் தட்டப் போய்விடாதீர்கள். தொடர்பை அவர் வேண்டுமென்றே விட்டிருக்கலாம், உடம்பு முடியாமல் இருக்கலாம், வீட்டுச் சூழ்நிலை வேறாக இருக்கலாம். பேசுவதா வேண்டாமா என்பது அவர் முடிவு. அதனால் மதுரை முகவரியை எனக்குத் தருவதாகச் சொன்னபோதும் நான் வாங்கவில்லை. கடிதத்தைக் கோவைப் பங்காளியிடம் கொடுத்து, அவர் மூலம் சேர்த்தேன்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நீங்கள் யார், அவருக்கு யார் மூலம் தெரிந்தவர், அவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம், உங்கள் போன் நம்பர், "விருப்பம் இருந்தால் பேசுங்கள்" என்ற வரி. பணம், சொத்து, உதவி பற்றி ஒரு சொல் வரக் கூடாது. அம்மா தன் கைப்பட எழுதினார். இருவரும் ஊரணிப் படியில் தொலைத்த ஒரு வெள்ளிக் கொலுசைப் பற்றி இரண்டு வரி எழுதினார். நான் நடுவில் எதையும் திருத்தவில்லை.

நேரடியாகத் தபாலில் அனுப்ப வேண்டி வந்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். பழைய ரெஜிஸ்டர் தபால் 2025-ல் அதோடு சேர்ந்துவிட்டது. உறை திரும்பி வந்தால் தூக்கிப் போடாதீர்கள். கதவு பூட்டியிருக்கிறது, இடம் மாறிவிட்டார், காலமானார் என்று தபால்காரர் மேலே எழுதியிருப்பார். அதுவே ஒரு தகவல். அந்தத் தபால் நிலையத்துக்குப் போனால், பல வருடம் ஒரே தெருவில் போடும் தபால்காரர் மேலும் சொல்லக்கூடும்.

இரண்டு மாதம் வரை பதில் வராவிட்டால் ஒரே ஒரு தடவை நினைவூட்டலாம். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

ஆள் இல்லை என்று தெரிந்தால், வீட்டுப் பெரியவரிடம் போனில் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, பகலில், சாப்பிட்ட பிறகு சொல்லுங்கள். அந்தக் குடும்பத்தில் ஒருவரோடு பேச வழி இருந்தால் அதையும் அன்றே ஏற்பாடு செய்யுங்கள். கேட்க வேண்டியது நிறைய இருக்கும்.

எங்களுக்குப் பத்தாவது நாள் ஆச்சியின் மகள் போன் செய்தார். ஆச்சிக்குக் காது சரியாகக் கேட்காது, வீடியோ காலில் பேச முயன்று இரண்டு பக்கமும் கத்தியதுதான் நடந்தது. உங்கள் பக்கமும் வயதானவர் என்றால் போனில் நேரத்தைச் செலவிடாமல் நேரில் பார்க்க நாள் குறித்துவிடுங்கள். காலை பத்து மணி நல்ல நேரம், மதியத்துக்குள் இருவருக்கும் அசதி வந்துவிடும். மருந்து, கண்ணாடி, பழைய போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வேறு அறையில் உட்காருங்கள். மதுரையில் நானும் அந்த மகளும் அடுப்படியில் காபி போட்டுக்கொண்டிருந்தோம். கூடத்தில் இருந்து ரொம்ப நேரம் பேச்சே கேட்கவில்லை. எட்டிப் பார்த்தால், அம்மா ஆச்சியின் காலைத் தன் மடியில் வைத்துக் கணுக்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது இரண்டு வீட்டு முகவரியையும், நாலு பேர் போன் நம்பரையும் தாளில் எழுதி மாற்றிக்கொண்டோம். போனில் மட்டும் பதிந்து வைத்தால் போன் மாறும்போது போய்விடும். திருச்சி வந்ததும் அம்மா அதை 1970 மொய் நோட்டின் உள்ளட்டையில் எழுதச் சொன்னார். நான் எழுதினேன், ஊர்ப் பெயர் முதலில்.